தலைவலி, மங்கல் பார்வை, காது மந்தம்: மூன்றுக்கும் ஒரே காரணமாகும் சூசாக் நோய்

ஒரு பிள்ளைக்கு வாரக்கணக்கில் தலைவலி. குழந்தை மருத்துவரிடம் காட்டுகிறார்கள். பிறகு, கரும்பலகை தெரியவில்லை என்று கண் மருத்துவரிடம். அதற்கும் பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று காது மருத்துவரிடம். மூன்று சீட்டு, மூன்று மருந்து. ஒவ்வொரு மருத்துவரும் தன் முன்னால் சொல்லப்பட்ட தொந்தரவை மட்டும் பார்க்கிறார். மற்ற இரண்டும் அவரிடம் போய்ச் சேருவதே இல்லை. மிக அரிதாக, இந்த மூன்றும் ஒரே நோயாக இருக்கும். அதற்குச் சூசாக் நோய் என்று பெயர்.

1979 இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் சூசாக், இரண்டு இளம்பெண்களிடம் மூளையும் விழித்திரையும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்டதைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகளில் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2013 இல் மருத்துவ இதழ்களை அலசித் தொகுத்தபோது, உலகம் முழுவதும் அதுவரை பதிவானவர்கள் 304 பேர்தான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். குழந்தைகளுக்கு வருவது அதிலும் அரிது. ஆனால் வருகிறது.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு மண்டையிடி என்றதும் இந்த நோயை நினைத்து உறக்கம் கெட வேண்டாம். நூற்றுக்கு நூறு என்று சொல்லும் அளவுக்கு அது வேறு காரணமாகத்தான் இருக்கும். தலைவலியோடு, பிள்ளையின் குணம் மாறுவது, பார்வை குறைவது, கேள்வி (காது கேட்கும் திறன்) குறைவது ஆகியவற்றில் ஒன்றும் சேரும்போதுதான் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவும்.

கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டாத கதை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறையில் அணை திறந்தால் தண்ணீர் பெரிய கால்வாயில் வந்து, தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரிந்து, கிளைக்கால் வழியாக வயலுக்குப் போகிறது. பெரிய கால்வாயில் ஓரிடத்தில் கரை சரிந்தாலும் சுற்றிவிட்டுக் கொண்டுவர வழி உண்டு. கடைவரம்பு வயலுக்கு அப்படி இல்லை. அதற்கு வருவது ஒற்றைச் சிறுகால். அது அடைபட்டால் அந்த வயலின் கும்பப்பூ பயிர் அவ்வளவுதான்.

நம் உடம்பிலும் அப்படிக் கடைவரம்பு நிலங்கள் உண்டு. விழித்திரையின் சிறு தமனிகள், உட்காதில் நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் உச்சிமுனை, மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பாலத்தின் நடுப்பகுதி. இவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறுகலானவை. ஒன்று அடைபட்டால் பக்கத்திலிருந்து கை கொடுக்க வேறு குழாய் கிடையாது.

சூசாக் நோயில் அடைப்பு வெளியிலிருந்து வந்து விழும் குப்பையால் ஏற்படுவதில்லை. கால்வாயின் சுவரே வீங்கி வழியை நெருக்குகிறது. நம் எதிர்ப்பு அணுக்களில் சிடி8 டி அணு என்று ஒரு வகை. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது அதன் வேலை. இந்த நோயில் அது நுண் ரத்தக்குழாயின் உள்தோலை எதிரியாக எடுத்துக்கொண்டு தாக்குகிறது. 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. தாக்கப்பட்ட உள்தோல் வீங்குகிறது, உரிகிறது, ரத்தம் தேங்குகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த திசு உயிரிழக்கிறது. பக்கவாதத்தில் பெரிய குழாய் ஒன்று அடைபடும். இங்கே கடுகளவு பக்கவாதங்கள் பல, மூளையிலும் கண்ணிலும் காதிலுமாக நடக்கின்றன.

இது ஒட்டுநோய் இல்லை. பரம்பரையாக வருவதற்கும் சான்று இல்லை. தாய் கருவுற்றிருந்தபோது சாப்பிட்டதாலோ, பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டதாலோ வருவதும் இல்லை. வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

சிறு பிள்ளையிடம் எப்படித் தெரியும்

பெரியவர் என்றால் "இடது கண்ணின் மேல்பக்கம் கறுப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே சொல்வதைவிடச் செய்வதைப் பார்க்க வேண்டும்.

மூளையின் அறிகுறிதான் பெரும்பாலும் முதலில் வரும். சில நாளோ சில வாரமோ தலைவலி, வாந்தி. பிறகு பிள்ளை "ஒரு மாதிரி" ஆகிவிடுகிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு மறந்துபோகிறது. கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளை மறுபடி உடையில் சிறுநீர் கழிக்கிறது. காரணமில்லாமல் அழுகிறது, கோபப்படுகிறது, அல்லது எதிலும் ஒட்டாமல் வெறித்துப் பார்க்கிறது. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, பகலிலும் தூங்கி விழுகிறது. பயந்திருக்கிறது என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டுவது நம் பக்கம் வழக்கம். கட்டுபவர்கள் கட்டட்டும். ஆனால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். இந்த நோயில் கடந்துபோகும் ஒவ்வொரு வாரமும் திரும்பக் கிடைக்காத திசுவைக் கொண்டுபோகிறது.

கண்ணில், விழித்திரைத் தமனியின் ஒரு கிளை அடைபடும்போது பார்வை முழுதும் போவதில்லை. ஒரு துண்டு மட்டும் போகும். மற்றக் கண் நன்றாக இருந்தால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். அதனால் இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் எதைக் கேட்டாலும் சரியாகவே சொல்லும். வீட்டில் சோதிப்பதானால் ஒரு கண்ணைக் கைக்குட்டையால் மூடுங்கள். விரலால் மூடினால் இடுக்கில் பார்த்துவிடும். உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். ஓரடி தள்ளி நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாக விரலை ஆட்டிக்கொண்டு உள்ளே கொண்டுவாருங்கள். "ஆடுது" என்று எப்போது சொல்கிறது, எந்த மூலையில் தாமதமாகிறது என்று கவனியுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு பக்கத்து நிலைப்படியில் திரும்பத் திரும்ப இடித்துக்கொள்வது, படத்தில் ஒரு ஓரத்துக்கு வண்ணம் அடிக்காமல் விடுவது, தட்டில் ஒரு பக்கச் சோற்றை மட்டும் சாப்பிடுவது இவையும் குறிப்புகள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அடைப்பு விழித்திரையின் ஓரத்தில் இருந்தால் எந்த வீட்டுச் சோதனையிலும் அது தெரியாது.

காதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சென்ற ஒலிகளைக் கேட்கிறது, உச்சிமுனை கனத்த, தாழ்ந்த ஒலிகளைக் கேட்கிறது. ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் உச்சிமுனை. எனவே சூசாக் நோயில் தாழ்சுருதி, நடுச்சுருதிக் கேள்வியே முதலில் போகிறது. முதுமையில் வரும் காது மந்தத்துக்கு இது நேர் எதிர். விளைவு என்ன? பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டினால் சட்டென்று திரும்பும். விசில் கேட்கும், மைனா கத்துவது கேட்கும். "காது நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் பாட்டா கனத்த குரலில் கூப்பிட்டால் திரும்பாது. உயிரெழுத்துகளின் பலமும் ம, ன போன்ற ஒலிகளும் பெரும்பாலும் தாழ்சுருதியில் இருப்பதால் சொல்லைத் தவறாகப் பிடிக்கும். "கேட்கல" என்று சொல்லாமல், சம்பந்தமில்லாத பதிலாகச் சொல்லும். டிவி சத்தத்தைக் கூட்டும், ஒரு பக்கக் காதைத் திருப்பிக் காட்டும். சிலருக்குக் காதில் இரைச்சலும் தலைசுற்றலும் சேர்ந்து வரும். சிறு பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும், தூக்கினால் பயந்து கட்டிக்கொள்ளும். கேள்வி ஓரிரவில்கூடப் போகலாம்.

மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. 2013 தொகுப்பில், தொடக்கத்திலேயே மூளை, கண், காது மூன்றும் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ முதலில் வந்து, மீதி பிறகு வந்தது. நோய் பிடிபடத் தாமதமாவதன் முதல் காரணம் இதுதான். ஆகவே தலைக்காகப் போயிருந்தாலும் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள், புகார் இல்லாவிட்டாலும்.

என்னென்ன சோதனை, எதில் தவறு நேரும்

இந்த நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தம் எடுப்பது பெரும்பாலும் வேறு நோய்களைத் தள்ளிவைக்கத்தான்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ், ரத்தம் உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள், நரம்பின் உறையைத் தாக்கும் மாக் எதிர்ப்பொருள் போன்றவை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அதில் புரதம் கூடியிருக்கும், வெள்ளணுக்கள் கொஞ்சம் இருக்கலாம். நம் ஊரில் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தள்ளிவைக்காமல் ஸ்டீராய்டு தொடங்க முடியாது என்பதால் இந்தச் சோதனைக்குத் தயங்க வேண்டாம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், தண்டுவடம் முடிந்த பிறகுதான் ஊசி போகிறது. பிள்ளை முடமாகிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை.

நோயைக் காட்டிக்கொடுப்பவை மூன்று சோதனைகள்.

முதலாவது மூளை எம்ஆர்ஐ. கார்பஸ் கலோசத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் வளைந்த ஏத்தன் பழம் போல இருக்கும். அந்தப் பழத்தின் நடுச்சதையில் வட்ட வட்டமாகப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மருத்துவர்கள் பனிப்பந்து என்பார்கள். இதே பாலத்தில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற இன்னொரு நோயும் புள்ளி வைக்கும், ஆனால் அது பழத்தின் அடித்தோலை ஒட்டி வைக்கும். சூசாக் நோயின் பொட்டுகள் நடுவில் இருக்கும். இந்த வித்தியாசம் தெரிய சாஜிட்டல் ஃப்ளேர் எனப்படும் பக்கவாட்டுப் படம் மெல்லிய வெட்டுகளாக வேண்டும். குறுக்குவெட்டுப் படம் மட்டும் எடுத்தால் கண்ணில் படாமல் போகலாம். புதிய அடைப்புகளைக் காட்டும் டிஃப்யூஷன் படமும், காடோலினியம் மருந்து செலுத்தி எடுக்கும் படமும் சேர்ந்திருக்க வேண்டும். படம் எடுக்க அரை மணிக்கு மேல் ஆகும். சிறு பிள்ளை அசையாமல் கிடக்காது என்பதால் மயக்க மருந்து தேவைப்படும். மயக்கத்துக்கு முன் சோறு, பலகாரம், பசும்பால் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். பசி தாங்காது என்று இரக்கப்பட்டு யாராவது ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய சோதனை ரத்தாகும்.

இரண்டாவது விழித்திரை ஆஞ்சியோகிராபி. கையில் ஊசி வழியாக ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, கண்ணுக்குள் அது ஓடுவதை நொடிக்கு நொடி படம்பிடிப்பார்கள். நல்ல தமனியில் சாயம் குழாய்க்குள்ளேயே ஓடும். சூசாக் நோயில் ஓரிடத்தில் ஓட்டம் நின்றிருக்கும். அடைப்புக்குத் தூரத்தில்கூடத் தமனியின் சுவர் தனியாகச் சாயம் ஏறி ஒளிரும். சுவருக்கு வந்த புண்ணை நேரில் காட்டும் படம் இது. சாதாரணமாக டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்து "நார்மல்" என்று எழுதியிருந்தால் அது போதாது. கண்மணியை விரித்து, ஓரங்கள் வரை தெரியும் அகலப்பார்வைக் கேமராவில், சாயத்தோடு பார்த்திருக்க வேண்டும். சோதனைக்குப் பிறகு சில மணி நேரம் தோல் மஞ்சளிக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ போகும். மஞ்சள்காமாலை இல்லை, ஓரிரு நாளில் சரியாகிவிடும். குமட்டல் சகஜம். உடம்பில் தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்விச் சோதனை. ஐந்து வயதுக்கு மேல் என்றால் பெரும்பாலும் ஹெட்போன் மாட்டி ஆடியோகிராம் எடுத்துவிடலாம். அதற்குக் கீழே, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடையில் போடு என்று விளையாட்டாகச் சோதிப்பார்கள். அதற்கும் ஒத்துழைக்காத பிள்ளைக்குத் தூங்கவைத்து, ஒலிக்குக் கேள்வி நரம்பு தரும் மின்னலைகளை அளக்கும் பெரா டெஸ்ட். இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. வழக்கமான கிளிக் பெரா முக்கியமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதியைத்தான் அளக்கிறது. சூசாக் நோய் முதலில் கெடுப்பதோ 250, 500 ஹெர்ட்ஸ் பகுதியை. அதனால் கிளிக் பெரா சரியாக இருக்கிறது என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளை கேள்வியை இழந்துகொண்டிருக்கலாம். "500 ஹெர்ட்ஸ் டோன் பர்ஸ்ட் வைத்து எடுங்கள்" என்று கேளுங்கள். ஆடியாலஜிஸ்டுக்குப் புரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் நம்முடையது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருப்பது பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம், அதிலும் தாழ்சுருதிதான் முதலில் குறையும். இரண்டையும் பிரிக்க டிம்பனோமெட்ரி என்ற இரண்டு நிமிடச் சோதனையும், காதுக்குப் பின் எலும்பில் வைத்துக் கேட்கும் சோதனையும் போதும். எலும்பு வழியே நன்றாகக் கேட்டால் கோளாறு நடுக்காதில். எலும்பு வழியும் குறைந்திருந்தால் உட்காதில்.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். குழந்தை, கண், காது மூன்று பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் சீட்டுகளைச் சேர்ப்பது எளிது. விழித்திரைக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை, நரம்பியலுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், கேள்வி, பேச்சுப் பயிற்சிக்கு அங்கேயே ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் நிறுவனம் ஆகியவை காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரம். எங்கு போனாலும் எம்ஆர்ஐயின் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். படங்கள் பதிந்த சிடி வட்டையும் கேட்டு வாங்குங்கள். இந்த நோயை முன்பு பார்த்திருக்கும் மருத்துவர் படத்தைத்தான் பார்க்க விரும்புவார்.

மருந்து

முதல் குறிக்கோள், தாக்கும் அணுக்களை உடனே அடக்குவது. சந்தேகம் வலுவாக இருந்தால் மூன்று அறிகுறியும் நிரம்பட்டும் என்று மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. கீழே உள்ள அளவுகள் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பது என்ன என்று புரிவதற்காக. வீட்டில் கூட்டவோ குறைக்கவோ அல்ல.

மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1000 மில்லிகிராம், 3 முதல் 5 நாள் டிரிப்பில். 18 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 540 மில்லிகிராம். பிறகு வாய்வழி பிரெட்னிசலோன், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராமில் தொடங்கிப் பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கூடவே ஐவிஐஜி எனப்படும் இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 2 கிராம், 2 முதல் 5 நாளில் பிரித்து. அதே 18 கிலோ பிள்ளைக்கு மொத்தம் 36 கிராம். செலவில் கனமானது இதுதான், மாதாமாதம் திரும்பப் போடவும் நேரலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருந்து எழுதிய அன்றே காப்பீட்டு அலுவலரைப் பாருங்கள். அனுமதி வர நாளாகும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் மறுபடி தலைதூக்காமல் பிடித்துவைக்க இன்னொரு மருந்து வேண்டும். மைக்கோஃபெனோலேட், ரிட்டுக்ஸிமாப், கடுமையானவர்களுக்கு சைக்ளோபாஸ்பமைடு. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று தவறாக முடிவுகட்டுவதால் வரும் நஷ்டமும் இங்கேதான். அதற்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா சூசாக் நோயை மோசமாக்கியதாகப் பதிவுகள் உண்டு. சிலர் சிறிய அளவில் ஆஸ்பிரினும் சேர்ப்பார்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த இரண்டோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய் வரலாம்.

இந்த மருந்துகளைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனை, மஞ்சள்காமாலை பி சோதனை எடுப்பார்கள். செருப்பில்லாமல் தோப்பிலும் வயலிலும் ஓடும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். மண்ணிலிருந்து காலில் ஏறும் ஒரு வகைப் புழு, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரையில் தீரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஸ்டீராய்டு காலையில், சாப்பிட்ட பிறகு. இரவில் கொடுத்தால் தூக்கம் போகும். பிள்ளைக்குப் பசி பயங்கரமாகக் கூடும், முகம் உருண்டையாகும், சிடுசிடுக்கும். மருந்து குறையக் குறைய இவை மாறும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸ் இவற்றைக் குறையுங்கள், உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். புட்டும் பயறும், மீன் குழம்பு, முட்டை, மோர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உயரம் இவற்றை ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

முகம் ஊதிவிட்டது, ஆள் குணமாகிவிட்டான் என்று ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதுதான் நடக்கிற தவறுகளிலேயே பெரியது. வெளியிலிருந்து மருந்து வரும்போது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. சட்டென்று மருந்து நின்றால் உடம்பில் இரண்டுமே இல்லை. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு என்று சில நாளில் ஆபத்தாகும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலும் இதே நிலைதான். அன்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதை ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப்பையிலும் வையுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ சின்னம்மை போட்டிருப்பது தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போட வேண்டிய பாதுகாப்பு ஊசி இருக்கிறது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள், அதாவது தட்டம்மை ருபெல்லா, சின்னம்மை, போலியோ சொட்டு மருந்து, இந்தப் பிள்ளைக்கு இப்போது கூடாது. வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசியா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிலோவுக்கு 2 கிராம் ஐவிஐஜி போட்ட பிறகு தட்டம்மை ஊசிக்கு 11 மாதம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி பிடிக்காது.

எவ்வளவு நாள், பிறகு என்ன

சிலருக்கு ஒரே சுற்றாக வந்து இரண்டு ஆண்டுக்குள் ஓய்ந்துவிடும். சிலருக்கு அடங்கி அடங்கித் திரும்பும். சிலருக்கு விடாமல் மெதுவாக நீளும். எந்த வகை என்று தொடக்கத்தில் சொல்ல முடியாது. அதனால் பிள்ளை ஓடி விளையாடினாலும் மூன்று சோதனைகளும் திரும்பத் திரும்ப எடுக்கப்படும். முதலில் மாதம் ஒருமுறை என்று நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு. விழித்திரைச் சுவர் மறுபடி ஒளிர்ந்தால் பார்வை கெடுமுன்பே மருந்தைக் கூட்டலாம். அதற்காகத்தான் நன்றாக இருக்கும் பிள்ளையையும் சாய ஊசிக்குக் கூட்டிப்போவது.

சீக்கிரம் மருந்து கிடைத்தால் மூளை நன்றாகத் தேறும். பேச்சும் நடையும் பழக்கமும் பெரும்பாலும் திரும்பும், நினைவும் கவனமும் பின்தங்கலாம். விழித்திரையில் செத்த துண்டு திரும்பாது, ஆனால் நடுப்பார்வை தப்பியிருந்தால் படிப்புக்குத் தடையில்லை. போன கேள்வி திரும்புவது அரிது. பள்ளியில் முன் வரிசையில், நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் வரும்படி உட்காரவைக்கச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாமல், முகத்தைக் காட்டிப் பேசக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் பிள்ளை சோர்ந்து படுத்தால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடிபட்ட மூளை சீக்கிரம் களைக்கும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். பாதிப்பு நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு காதும் வெகுவாகப் போய், காதுக்கருவியும் போதாமல் போனால் காக்ளியர் இம்பிளான்ட் இந்த நோயில் நன்றாகவே பலன் தருகிறது. உச்சிமுனையில் உணர்செல்கள் போயிருந்தாலும் கேள்வி நரம்பு பெரும்பாலும் உயிரோடிருப்பதே காரணம். அரசுக் காப்பீட்டில் இதற்கு வயது வரம்பு உண்டு, ஆகவே கேள்வி குறையத் தொடங்கும்போதே விசாரித்துவையுங்கள். கருவி தேர்ந்தெடுக்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கருவிக்குள் காந்தம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கோ இன்னும் பல ஆண்டு எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும். காந்தத்தை எடுக்காமலே எம்ஆர்ஐக்குள் போகலாமா, எத்தனை டெஸ்லா (எம்ஆர்ஐ காந்தத்தின் வலிமை) வரை, தலையில் எவ்வளவு இடம் படத்தில் மறையும் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.